அன்வர் பாயிடம் இங்கிலீஷ்

வீட்டுப் பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்குப் புரியாத பாஷையில் பேசுவதுதான் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மரியாதை. கே.கே. நகர் வீட்டை விற்கும் பேச்சை நல்லதம்பியின் மகனும் மருமகளும் அவர் முன்னாலேயே இங்கிலீஷில் பேசினார்கள்.

"பாய், எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க. வீட்டுல மூச்சு விடக் கூடாது."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதுண்ணே," என்றார் ரயில்வே பென்ஷன்காரர் அன்வர்.

மாதக்கணக்கில் மன்னார்புரம் டீக்கடையில் பாடம் நடந்தது. ஓரளவு பிடிபட்டதும், ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது நல்லதம்பி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மகன் பேசினான், மருமகள் பதில் சொன்னாள். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

"என்னடா பாஷை இது?"

"ஹிந்திப்பா. அன்வர் பாய்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறாரு."

நேராக டீக்கடைக்குப் போனார்.

"நான் இங்கிலீஷ் படிக்கிறதை அவன்கிட்டச் சொல்லிட்டீரா?"

"தம்பி கேட்டுச்சு. பொய் சொல்ல வரலைண்ணே."

"போகட்டும். வீட்டை விக்கிறானா, இல்லையா?"

"அதை எப்படிண்ணே சொல்றது? தம்பிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." அன்வர் குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா நாளைக்கே உங்களுக்கும் ஹிந்தி ஆரம்பிச்சிடலாம். சத்தியமா வீட்டுல சொல்ல மாட்டேன்."

வந்த டீயைத் தொடாமல் நல்லதம்பி நடையைக் கட்டினார்.