ஒண்ணுகூட வீணாக்கல

"கிரான்பெர்ரி மாத்திரையைத் தினமும் போட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மகள் தலையாட்டினாள். வாங்கி வருவதே தான்தான் என்றும், மாதாமாதம் டப்பா காலியாவதைக் கண்ணால் பார்ப்பதாகவும் சொன்னாள்.

கட்டிலில் அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். சிறுநீரில் தொடங்கிய தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்திலும் கலந்துவிட்டது. அந்த மாத்திரை வந்த நோயைக் குணப்படுத்தாது, திரும்பத் திரும்ப வராமல் சிலருக்குத் தடுக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"காய்ச்சல் வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்மா" என்றவர், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

காய்ச்சல் வந்ததே மகளுக்குத் தெரியாது. சொன்னால் அவள் லீவு போட வேண்டியிருக்குமே என்று அம்மா வாயே திறக்கவில்லை.

மகளுக்குச் சுங்கச்சாவடியில் வேலை. கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் மாற்று ஆள் வரும்வரை எழுந்திருக்க முடியாது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். போன வருஷம் முழுக்க அவளுக்கும் இதே நீர்க்கடுப்புதான். குளியலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முனகுவது அம்மாவுக்குக் கேட்கும். நீயும் அந்த மாத்திரையைப் போடேன்டி என்று கெஞ்சிப் பார்த்தாள். வயசான உடம்புக்குத்தான் அது வேணும், நீ பேசாம இரு என்று மகள் அடக்கிவிட்டாள்.

முதல் டப்பா வாங்கி வந்தபோது அம்மா ஒரு கேப்ஸ்யூல் மாத்திரையைத் திருகித் திறந்து பார்த்தாள். "என்னடி இது, செங்கல்பொடியை அடைச்சு வித்திருக்கான்?" பழத்தைத்தான் பொடியாக்கியிருக்கிறார்கள் என்றதும், பழத்தைப் பழமாகத் தின்ன இவனுக்கு என்ன கேடு என்று சிரித்தாள்.

அந்த வாரமே, வெறும் தண்ணிதானே உனக்கு இறங்காது என்று, ஸ்டீல் ஃபிளாஸ்கில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தனுப்பத் தொடங்கினாள். ஃபிளாஸ்க் காலியாக வராவிட்டால் வீட்டுக்குள் விடமாட்டாளாம். புளிப்பு பல்லைக் கூசவைக்கும். சர்க்கரையைக் கண்ணிலாவது காட்டினாயா என்று கேட்டால், உன் வாய்க்கு இது போதும் என்பாள். மகளும் திட்டிக்கொண்டே குடிப்பாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. மகளுக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையைச் சொல்லும்மா. மாத்திரையைத் தினமும் முழுங்கினியா, இல்ல எனக்குத் தெரியாம குப்பையில கொட்டினியா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஒண்ணுகூட வீணாக்கலடி."

"அப்புறம் ஏம்மா இப்படி ஆச்சு?"

 அம்மா மகளின் வயிற்றுப் பக்கம் கையை நீட்டி, லேசாகத் தொட்டாள். "உனக்கு இப்போ வலி இல்லையே?"

இல்லை என்றாள் மகள். யோசித்துப் பார்த்தால் பல மாதங்களாகவே இல்லை. கேட்டதை விட்டுவிட்டு அம்மா பேச்சை மாற்றுகிறாளே என்று எரிச்சலாக வந்தது. அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடியது.

அம்மாவை அவள் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

மறுநாள் பக்கத்துக் கூண்டுக்காரி அவளுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா விழுந்துவிட்டாள் என்று ஃபோன் வந்ததும் அப்படியே விட்டுவிட்டு ஓடிய பை. உள்ளே ஃபிளாஸ்க் கனத்தது. அம்மா கையால் போட்ட கடைசி ஜூஸ், ஒரு வாய்கூடக் குடிக்காதது. மூடியைத் திறந்தாள். கெட்டுப்போயிருந்தது.

கழுவும் தொட்டியில் மெதுவாகக் கவிழ்த்தாள். ஜூஸ் எல்லாம் வடிந்த பிறகு, ஃபிளாஸ்கின் அடியில் படிந்திருந்த செங்கல்பொடி கடைசியாக வழிந்தது.