இறங்கிப் பார்த்த டிரைவர்

சரக்குக் கிடங்கின் யார்டில் லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த டிரைவர், சட்டென்று நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

மாடியில், ஏசி அறையின் கண்ணாடி வழியே அதைக் கவனித்த புதுப் பாதுகாப்பு அதிகாரி, தடதடவென்று படியிறங்கி வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா? இவர்தான்யா டிரைவர்! கண்ணாடிய மட்டும் நம்பாம, பின்னாடி இறங்கிப் பாக்கறாரு. கைதட்டுங்க!"

'இந்த மனுஷனா?' என்று வாய்பிளந்தபடியே எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவரின் முகமோ பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னண்ணே, இப்படிக் கூச்சப்படறீங்க?" என்றார் அதிகாரி.

டிரைவர் மெல்லக் கேட்டார். "சார், லாரிக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக் கார் நிக்குதே, அது யாரோடது?"

"என்னோடதுதான். புதுசு. ஏன்?"

"டமார்னு சத்தம் கேட்டுச்சு சார். அதான் இறங்கிப் பாத்தேன்."