சாவன் முப்பத்திரண்டு

நந்தகலா தன் புகார்ப் பதிவு ரசீதை என் மேஜைமேல் விரித்து, நான்கு மூலையையும் விரலால் நீவிவிட்டாள்.

சல்யான் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். எங்கள் அலுவலகம் போட்ட, காணாமல்போனவர்களின் இறுதிப் பட்டியலில் அவள் புருஷன் திலாராமின் பெயர் இல்லை. ஏன் என்று கேட்கத்தான் வந்தாள்.

கணினியில் தேடினேன். பெயர் இருந்தது. பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘விடுவிக்கப்பட்டார்’ என்றும் இருந்தது.

பிடித்துப்போன தேதி சாவன் 31, 2061. எங்கள் நேபாள வருஷக் கணக்கு அது, சாவன் நாலாவது மாதம். உள்நாட்டுச் சண்டைக் காலம், ஆகி இருபது வருஷம் ஓடிவிட்டது. ராணுவ முகாம் பதிவேட்டில் ஆளை விட்ட தேதியும் அதே சாவன் 31.

இரண்டும் ஒரே நாளென்றால், ஆள் அன்றே வீடு திரும்பியதாக எடுத்துக்கொண்டு கணினி தானே கோப்பை மூடிவிடும்.

“விட்டது நெசந்தான் தம்பி. ஞாயித்துக்கிழம புடிச்சாங்க, சாயங்காலமே விட்டுட்டாங்க. வந்து திண்டோக் களி தின்னாரு. மறுநாள் சாவன் கடைசித் திங்கக்கிழம, எனக்கு விரதம். சிவனுக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன், வீட்ல ஆளில்ல. மறுபடி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

அந்தத் திங்கட்கிழமை, சாவன் 32.

எங்கள் மாதம் இருபத்தொன்பதிலும் முடியும், முப்பத்திரண்டிலும் முடியும். வருஷத்துக்கு வருஷம் மாறும். இது தெரியாத எந்த மகானுபாவனோ எங்கிருந்தோ செய்து அனுப்பிய மென்பொருளில்தான் இத்தனை பேரையும் பதிவு செய்தோம். அதன் தேதிப் பெட்டி 31-ஓடு நின்றுவிடும். 32 என்று அடித்தால் பெட்டி சிவக்கும், அடுத்த பக்கம் போகாது.

விட்டாச்சு என்றால் பிறகு எங்கே போனான் என்று ஊரில் கேட்கிறார்களாம். இந்தியாவில் வேறு குடித்தனம் வைத்திருக்கிறான் என்று சொந்த நாத்தனாரே சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது நந்தகலா கையிலிருந்த பச்சை வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். புருஷன் உயிரோடிருப்பவர்கள் போடுகிற வளையல்.

மூடிய கோப்பில் இருப்பவரை யாரும் தேடமாட்டார்கள். எந்தக் குழியைத் தோண்டினாலும் அவர் எலும்பா என்று பார்க்கமாட்டார்கள்.

திறக்க ஒரு வழி உண்டு. ‘தேதியை நான்தான் மாற்றிப் போட்டேன்’ என்று பதிவு செய்தவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதினால் அந்த ஆளின் வேலை அதோடு சரி. ஐந்து மணிக்குப் பட்டியல் காட்மாண்டுக்குப் போகிறது. அப்போது மூன்றே முக்கால்.

எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“பதிவு எழுதின அந்தப் புள்ளமேல தப்பில்ல. ஒரு நாள்தானேக்கா, முப்பத்தொண்ணுன்னு போட்டுக்கலாமான்னு கேட்டான். நான்தான் தலைய ஆட்டினேன், புத்தி கெட்டவ.”

நல்ல பையனாம். தாடி வைத்திருந்தானாம். பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றதாம், பாவம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தானாம். பையிலிருந்த ஆரஞ்சை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு வந்தாளாம். கேட்டால் கட்டாயம் எழுதிக் கொடுப்பான் என்றாள்.

ரசீதை என் பக்கம் தள்ளினாள். அடியில் அவன் பெயர் இருக்கிறதாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது, படித்துச் சொல்ல வேண்டுமாம்.

படித்தேன். அதே இடத்தை இன்னொரு தடவையும் படித்தேன்.

“எழுத்து அழிஞ்சுபோச்சுக்கா” என்றேன்.

அவள் கொஞ்சநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரசீதை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

நீல மை, கொஞ்சமும் அழியவில்லை.

தாடியை எடுத்து ஆறு வருஷமாகிறது. அந்த ஆரஞ்சு நல்ல இனிப்பு.