அத்தான் சொல்லாத எண்

தையல்கடைக் கண்ணாடியில் மாலை வெயில் தகதகக்கிறது. போன வாரம் எவனோ நுழைந்து கலைத்த மின்னஞ்சல் கணக்குக்கு, போனுக்கு வரும் எண்ணைக் கேட்கும் இரண்டாவது பூட்டு போடுகிறாள் அக்கா. கணினி முன்னால் அவள், போனும் கையுமாக அத்தான். டிங்! "வந்துடுச்சு, வந்துடுச்சு!" கழுத்தில் அளவுநாடா ஆட அத்தான் துள்ளி எழுகிறார். "நம்பரைச் சொல்லுங்க, சீக்கிரம்!" வாயைத் திறந்தவர் செய்தியின் கடைசி வரியைப் படித்துவிட்டு, போனை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு." "நான் என்ன யாரோவா?" "போன வாரம் எவனோ கேட்டான்னு பாஸ்வேர்டைச் சொல்லிட்டு, உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். நீ அந்தப் பக்கம் திரும்பு." அக்கா திரும்புகிறாள், தோள்கள் சிரிப்பில் குலுங்குகின்றன. அத்தான் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, ஒற்றை விரலால் எண்ணைத் தட்டுகிறார். பச்சை அடையாளம் விழுகிறது. "பூட்டியாச்சு!" கடையே அதிர்கிறது. அக்கா திரும்புவதற்குள் செய்தியையும் அழித்துவிடுகிறார்.