எந்த ரைட்டு

டிராக்டரின் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு மூன்றாவது தடவையாகக் கீழே இறங்கினாள்.

கடலுக்கு இறங்கும் சரிவின் இரு பக்கமும் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மரியாதைகூட இல்லை.

அந்தக் கரையில் டிராக்டர் ஓட்டுகிறவன் பாதியில் இறங்க மாட்டான். இறங்கினால் கௌரவம் போய்விடும். பின்னால் ஒருத்தன் நின்று சத்தம் கொடுப்பான். அதைக் கேட்டுக்கொண்டே இவன் டிரெய்லரைக் கடலுக்குள் தள்ளுவான். காலங்காலமாக அப்படித்தானாம்.

போகட்டும். அவள் இறங்கித்தான் பார்ப்பாள்.

வள்ளம் ஏற்றிய டிரெய்லரைச் சுற்றி நடந்தாள். இடது பக்கப் பாறைக்கும் வள்ளத்துக்கும் நடுவே கையை மடக்கி வைத்துப் பார்த்தாள். ஒரு முழம் இருந்தது. வலது பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அந்தப் பக்கத்துப் பாறையில் இன்னும் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அவள் வீட்டு வள்ளத்தின் நீலம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே சரிவில் டிராக்டரில் உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன் பெலிக்ஸ். பின்னால் நின்று சத்தம் கொடுத்தவன் அவன் தம்பி கில்பர்ட்.

ரைட்டு, ரைட்டு என்றான் கில்பர்ட்.

பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற ரைட்டு என்றுதான் பெலிக்ஸ் எடுத்துக்கொண்டான். நேராகத் தள்ளினான். வள்ளம் பாறையில் மோதிச் சரிந்தது. குதித்துத் தாங்கப் பிடிக்க ஓடிய பெலிக்ஸின் கால் அடியில் சிக்கியது.

ஊர்க் கமிட்டியில் கில்பர்ட் மாற்றிச் சொன்னான். தான் சொன்னது ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பச் சொன்ன ரைட்டாம். அண்ணனுக்குக் காது மந்தம் என்று வேறு சேர்த்துக்கொண்டான். கமிட்டி தலையை ஆட்டியது. தம்பியைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் பெலிக்ஸ் வாயை மூடிக்கொண்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

கடலுக்குப் போக அவள் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கரையில் டிராக்டர் ஓட்டத்தான் ஆள் இல்லை. அதனால் பெலிக்ஸ் கால் சரியாகும்வரை வள்ளம் கில்பர்ட் பொறுப்பில் இருக்கட்டும் என்றது கமிட்டி.

அந்தக் கால் சரியாகாது என்று டாக்டர் சொன்னது புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

நான் ஓட்டுகிறேன் என்றாள்.

ஒரு தடவை இறக்கிக் காட்டட்டும் என்றார்கள். பாறையில் உரசினால் வள்ளம் கில்பர்ட்டுக்கு. உரசினால் வள்ளமே இருக்காது என்பது வேறு விஷயம். ஒட்டுப்போட்ட இடம் இன்னொரு இடியைத் தாங்காது.

பத்து நாள் உப்பளத்துப் பொட்டலில் வெறும் டிரெய்லரோடு பழகினாள். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடது பக்கம் போகும். இருபது வருஷம் மாமியார் வீட்டில் குப்பை கொட்டியவளுக்கு அது சீக்கிரமே பிடிபட்டது.

ஆனால் வெறும் டிரெய்லரில் பின்னால் எல்லாம் தெரியும். வள்ளம் ஏறிவிட்டால் கடலே தெரியாது.

டிராக்டரில் ஒரே கண்ணாடி. 'அலங்கார மாதா' என்று வள்ளத்தில் எழுதியிருந்ததில் கடைசி எழுத்து மட்டும் அதில் விழுந்தது. அதுவும் இடம்வலம் மாறி.

பின்னால் யாரும் நிற்க வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

ஏறினாள். இரண்டு கஜம் தள்ளினாள். நிறுத்தினாள். இறங்கினாள்.

இதற்கு மைனி வள்ளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டே போயிருக்கலாம் என்று கில்பர்ட் சொன்னது காதில் விழுந்தது. சுற்றி நின்றவர்களுக்கு அது பெரிய ஜோக்.

பார்த்தாள். ஒரு முழம். ஏறினாள்.

ஸ்டியரிங்கை நூல் அளவு திருப்பி, உடனே நேராக்கினாள். டிரெய்லர் சொன்ன பேச்சு கேட்டது. கண்ணாடியில் அந்த ஒற்றை எழுத்து அசையாமல் நின்றது.

நீலப் பெயின்ட் ஒட்டிய பாறை பக்கத்தில் வந்து, முன்னால் போனது.

சிரிப்பு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

அப்போது வள்ளத்தின் பக்கவாட்டில் யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு. கூடவே சத்தம்.

"ரைட்டு, ரைட்டு."

கில்பர்ட்தான். வள்ளம் நேராக வருவதைப் பார்த்ததும் கையும் வாயும் தானாக வேலை செய்துவிட்டன.

அவள் பிரேக்கை மிதித்தாள். இன்ஜினை அணைத்தாள். கரை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"எந்த ரைட்டு, கில்பர்ட்டு?"

"வாங்கன்னுதான் மைனி. நேரா வாங்கன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது.

கமிட்டித் தலைவர் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். ஐஸ் பெட்டிமேல் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெலிக்ஸ், இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தம்பியை நிமிர்ந்து பார்த்தான்.

அவளுக்கு வேலை பாக்கி இருந்தது.

இறங்கினாள்.

கில்பர்ட் வள்ளத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டான். அவனைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். ஒரு முழம். சுற்றிவந்து மறு பக்கமும் பார்த்தாள். அவசரமே படவில்லை.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

தள்ளினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் டிரெய்லர் சக்கரத்தில் அலை மோதும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் அந்த எழுத்து மெதுவாக ஆடத் தொடங்கியது.