பெட்டியின்மேல் ஒரு முழங்கால்

செவ்வாய்க் கிரகத் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு சிலை வேண்டும் என்று முடிவானதுமே சண்டை தொடங்கிவிட்டது. நான் கோபுரம் என்றேன். யாழ்ப்பாணத்து ராயப்பு பனைமரம் என்றார். மிஸ்ரியா, "கோபுரம் வச்சா அப்புறம் நாங்க எதுக்கு?" என்று எழுந்துகொண்டாள்.

கடைசியில் சிற்ப எந்திரத்திடம் விட்டோம். அது எல்லோருடைய ஞாபகங்களையும் படித்து, அத்தனை பேருக்கும் பொதுவானதை மட்டும் கல்லில் வடிக்கும். பூமியிலிருந்து வந்த எல்லோரும் அதன்முன் உட்கார்ந்து எழுந்தோம்.

நேற்று திரையை விலக்கினார்கள். கோபுரமும் இல்லை, பனையும் இல்லை. சிவப்புக் கல்லில் ஒரு பெண், பயணம் கிளம்பும் யாருக்கோ பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். பிதுங்கி நின்ற பெட்டியின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, உதட்டைக் கடித்தபடி ஜிப்பை இழுத்தாள்.

"எங்கட அம்மா," என்றார் ராயப்பு. "மிளகாய்த்தூள் வேண்டாமெண்டு எத்தனை தரம் சொன்னனான், கேக்கேல்லை."

"எங்க உம்மா ஊறுகாய எங்க ஒளிச்சு வச்சாங்கன்னு இங்க வந்துதான் பார்த்தேன்" என்ற மிஸ்ரியா, கிட்டே போய் அந்தக் கல் முழங்காலைத் தடவினாள்.

என் மகள் நிலானி இங்கேயே பிறந்தவள். "எதுக்கும்மா பெட்டி மேல ஏறுறாங்க? அதுவே மூடிக்காதா?" என்று கேட்டாள்.

இன்று அவள் வேலைக்காகச் சனியின் நிலவுக்குக் கிளம்புகிறாள். அவளுடைய பெட்டி தானாகவே மூடிப் பூட்டிக்கொண்டது. அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினேன்.

"அது மூடிருச்சேம்மா" என்றாள், ஈரத் தலையோடு வந்து நின்று.

"தெரியும்டி" என்றேன், முழங்காலை எடுக்காமல்.