ஜீல் வீடு

வயிரவநாதனின் வீட்டை ஊரில் ஜீல் வீடு என்பார்கள். அவருடைய முப்பாட்டனாருக்கு வெள்ளைக்காரத் துரை ஒருவர் எழுதிக்கொடுத்த நற்சான்று கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. 'மிகுந்த ஜீலுடன் (zeal) பணியாற்றினார்' என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. வருகிறவர்களிடம் அவரே பொருளும் சொல்லுவார். "ஆசை, ஆர்வமெல்லாம் எவனுக்கும் வரும். ஜீல்னா நெஞ்சுக்குள்ள தீ எரியணும். அதை எல்லாருக்கும் எழுதிரமாட்டான்."

மகளைப் பெண் பார்க்க மறுநாள் வரவிருந்த மாப்பிள்ளையின் அப்பா, கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவர். அதனால் சட்டத்தின் கீறல் விழுந்த கண்ணாடியை மாற்ற, வயிரவநாதன் நற்சான்றைச் சட்டத்தோடு கழற்றிப் படக்கடைக்குக் கொண்டுபோனார். கடைக்கார மூக்கன் ஆணிகளைப் பிடுங்கித் தாளை உருவினார்.

"அண்ணாச்சி, பாதிய உள்ள மடிச்சுல்லா வச்சிருக்காவ."

விரித்த பாதியை வயிரவநாதன் நின்றபடியே படித்தார். எந்தப் பணி என்பது அங்கே இருந்தது. பாதை போடும் வேலைக்கு வர மறுத்து மலையில் ஒளிந்துகொண்ட இருபத்தேழு பேரை, உடன்பிறந்த தம்பியையும் சேர்த்து, யாரும் கேட்காமலே காட்டிக்கொடுத்த பணி.

"என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?"

"அந்த வார்த்தைக்கு அர்த்தம்."

மூக்கன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே மடிச்சா ஒடிஞ்சிரும். கீழ்ப்பாதிய வெட்டிரட்டா, முழுசாப் போட்டுரட்டா? நாளைக்கு வாறவரு இங்கிலீசு வாத்தியாருன்னு வேற சொன்னீயள்லா."

வயிரவநாதன் தாளை வாங்கி மேசைமேல் விரித்தார். பிறகு, "அந்தப் பிளேடை இங்க கொண்டா" என்று கையை நீட்டினார்.